மாணிக்கவேல் கட்டிய சயாம் பாலம்

ஆரணி ஊருக்குள் ரயில் வராது. 'ஆரணி ரோடு' என்று பெயர் எழுதிய ஸ்டேஷன் களம்பூரில் இருக்கிறது. கொஞ்ச காலம் முன்புவரை ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தப் பிளாட்பாரத்தின் கோடியில் ஒருவர் நிற்பார். அவர் எங்கும் போகிறவர் இல்லை. யாரையும் அழைத்துப்போக வந்தவரும் இல்லை. காட்பாடி வண்டி வந்து நின்று கிளம்பும்வரை பார்ப்பார். இரண்டு பெட்டிகளைச் சேர்க்கும் கொக்கியையோ, சக்கரத்துக்கு மேலே படிந்திருக்கும் துருவையோ செல்போனில் படம் எடுத்துக்கொள்வார். பிறகு டிவிஎஸ்ஸை உதைத்துக் கிளப்பி ஊர் திரும்பிவிடுவார்.

அவர் பெயர் மாணிக்கவேல். பழைய பஸ் ஸ்டாண்டுப் பக்கத்துச் சந்தில் வாட்ச், செல்போன் ரிப்பேர் கடை வைத்திருக்கிறார். நான் பில் போடும் பட்டுத் தறிக் கொட்டகையின் முதலாளி ராஜ்குமாருக்கு அக்கா வீட்டுக்காரர். நாலு பேர் நிற்கிற இடத்தில் ஐந்தாவதாகப் போய் நிற்கமாட்டார். நானும் அந்த ரகம் என்பதாலோ என்னவோ என்னிடம் மட்டும் கொஞ்சம் பேசுவார். இங்கே எழுதியிருப்பதில் பாதி நான் பார்த்தது, பாதி அவர் சொன்னது. எழுதலாமா என்று கேட்டபோது, "எழுது தம்பி. எனக்கோசரம் கொறச்சி எழுதாத" என்றார்.

அவர் வீட்டு மாடியறையில் ஒரு கட்டில் போட்டால் நடக்க இடம் இருக்காது. அந்த இடத்தை ஒரு பிளைவுட் மேசை அடைத்துக்கொண்டிருந்தது. மேசைமேல் விரல் அகலத்துக்குத் தண்டவாளம். பெங்களூர்க்காரர் ஒருவரிடம் பழசாக வாங்கிய நீராவி எஞ்சின், உள்ளங்கையில் அடங்குவது, பெட்டிகளை இழுத்துக்கொண்டு குகைக்குள் போய் வெளியே வந்துகொண்டிருக்கும். எஞ்சினையும் தண்டவாளத்தையும் தவிர மற்றதெல்லாம் ஆரணிச் சரக்கு. புல்வெளி, சாயப்பட்டறையில் மிஞ்சிய பச்சையில் முக்கிக் காயவைத்த மரத்தூள். புகை, தறியடியில் உதிரும் பட்டுப் பஞ்சு. தண்டவாளத்து ஓர மண், வடிகட்டிய டீத்தூள். தந்திக் கம்பி, ஜரிகை இழை. வாட்ச் பார்க்கும் கண்ணாடியைக் கண்ணில் பொருத்திக்கொண்டு அவர் ஒரு தந்திக் கம்பத்தை நடும்போது மூச்சுக்கூட விடமாட்டார்.

"இவரு ரயிலு எந்த ஊருக்கும் போறதில்ல. ஆனா தெனம் நின்னு வழியனுப்பறவ நானு" என்பார் அவர் மனைவி சசிகலா, டீத்தூளைத் தனிக் கிண்ணத்தில் தட்டிக்கொண்டே.

ரயிலிலிருந்து போருக்கு அவர் எப்படிப் போனார் என்பதற்கு ஒரு காரணம் சொன்னார். இணையத்தில் மாதிரி ரயில் கட்டுகிறவர்களின் குழு ஒன்றில் அவர் இருந்தார். அதில் சிலர் குண்டு விழுந்த ஸ்டேஷன், பனியில் கவிழ்ந்த பெட்டி, பாதி எரிந்த கிடங்கு என்று செய்து படம் போடுவார்கள். உடைந்ததை எதற்கு மெனக்கெட்டுச் செய்கிறார்கள் என்று முதலில் அவருக்கு விளங்கவில்லை. ஒருமுறை தானும் செய்து பார்த்தார். அதன்பிறகு முழுச் சுவர் கட்டுவதில் அவருக்குச் சுவை போய்விட்டது. முழுசாக இருப்பதைச் செய்ய அளவு தெரிந்தால் போதும், உடைந்ததைச் செய்ய அது எப்படி உடைந்தது என்று தெரியவேண்டும் என்பார். இடிந்த சுவருக்குப் பக்கத்தில் ஒரு சிப்பாயைக் கிடத்தும்போது அவன் கை எந்தப் பக்கம் விழுந்திருக்கும் என்று ஒரு மத்தியானம் முழுக்க யோசித்திருக்கிறார். அந்த மத்தியானங்கள் தனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தன என்பதைத்தான் பிற்பாடு அவரால் தாங்கிக்கொள்ள முடியவில்லை.

பிறகு ஒரு வருடம் அந்தக் குழு சென்னையில் கண்காட்சி வைப்பதாக இருந்தது. 'போர்க்கால ரயில்' என்று தலைப்பும் கொடுத்துவிட்டார்கள். மற்றவர்கள் ஐரோப்பாவுக்குப் போனார்கள். இவருக்கு வேண்டிய போரைக் கொடுத்தது செல்லியம்மாள்.

செல்லியம்மாள் எங்கள் கொட்டகையில் தார் சுற்றும் மிஷினில் வேலை செய்தவர். ஊடை நூலைச் சின்னக் குச்சிகளில் ஏற்றித் தறிக்காரர்களுக்குக் கொடுப்பது, கொட்டகையைப் பெருக்குவது, கழிவு மூட்டையை வெளியே தள்ளுவது எல்லாம் அவர் பாடு. தேசூருக்குப் பக்கத்து ஊர். சேத்துப்பட்டு வழியாக வரும் பஸ்ஸில் காலையில் வந்து இறங்கினால் இருட்டுவதற்குள் திரும்பிவிடுவார். தறிச் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகிய குரல். பஸ்ஸிலும் அதே குரல்தான் என்று மற்ற பெண்கள் கேலி செய்வார்கள்.

மிஷின் மக்கர் செய்தால் மச்சானுக்காக வந்து சரிபார்த்துக் கொடுக்கும் மாணிக்கவேலிடம் அவர்தான் பேச்சுக் கொடுத்தார். ரயில் செய்கிறீர்களாமே என்று கேட்டு, தன் தாத்தாவின் அண்ணன் சடையன் ரயில் போடப் போனவர் என்றார். கப்பலேறி மலேயாவில் ரப்பர்த் தோட்டத்துக்குப் போனவரை, சண்டைக் காலத்தில் ஜப்பான்காரன் சயாம் காட்டுக்குத் தண்டவாளம் போட ஓட்டிக்கொண்டு போனானாம். கூடப் போன ஒருவர் திரும்பி வந்து இவ்வளவுதான் சொன்னார். பாலத்து வேலையில் இருந்ததைப் பார்த்தேன், பிறகு பார்க்கவில்லை.

"செத்துட்டாரா இருக்காரான்னு தெரியாமயே படையலுக்கு அவருக்கும் ஒரு எல போட்டுகினு இருக்கோம். எங்கம்மா போட்டாங்க, இப்ப நான் போடறேன்" என்றார் செல்லியம்மாள். "அந்தப் பாலத்த செஞ்சா எனக்குக் காட்டுங்க. நம்ம ஆளுங்க நிக்கிறாப்பல செய்யுங்க."

மாணிக்கவேல் தலையாட்டினார்.

குண்டு விழுந்த மறுநாள் காலை. அதுதான் அவர் எடுத்துக்கொண்ட காட்சி. இரும்புப் பாலத்தின் ஒரு கண் முறிந்து ஆற்றில் தொங்குகிறது. கரையில் கோவணம் கட்டிய ஆட்கள் முறிந்த தூலங்களை இழுக்கிறார்கள். கடையில் கிடைக்கும் பொம்மைகள் எல்லாம் வெள்ளைக்காரச் சிப்பாய்கள் என்பதால், ஆட்களைக் கம்பியிலும் பசையிலும் அவரே செய்தார். நெஞ்செலும்புக்குத் தையல் நூலை ஒட்டினார். ஆட்கள் சரியாக வந்தார்கள். பாலம் வரவில்லை. பிளாஸ்டிக் தகட்டில் செய்து பார்த்தார். பொம்மைப் பாலமாகவே இருந்தது. இரும்பு மாதிரி முறியவில்லை.

அப்போதுதான் அவர் கண்ணில் அட்டைகள் பட்டன.

சேலையில் முந்தியும் கரையும் விழுவதற்குத் தறிக்கு மேலே ஜக்கார்டு பெட்டி இருக்கும். ஓட்டை குத்திய தடித்த அட்டைகளை வரிசையாகக் கயிற்றில் கோத்து அதில் ஏற்றுவார்கள். ஓட்டை சொல்கிறபடி இழை எழும்பும். நடுவில் ஓர் அட்டை போனால் அன்னத்துக்குக் கழுத்து இருக்காது. எங்கள் கொட்டகையில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு டிசைன் இனி ஓடாது என்று முடிவானால், மூத்த தறிக்காரர் சின்னதுரை அந்த அட்டைக் கட்டைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, கோத்த கயிற்றைக் கத்திரியால் அறுத்து மூட்டையில் போடுவார். கயிறு அறுத்தது செத்த அட்டை. யார் வேண்டுமானாலும் அடுப்பெரிக்க எடுத்துப் போகலாம். கயிறு அறுக்காததை யாரும் தொடமாட்டார்கள். தறி வீட்டில் பிறந்த மாணிக்கவேலுக்கு இதை ஒருவர் சொல்லித்தர வேண்டியதில்லை.

பழைய அட்டை வேண்டும் என்று மச்சானிடம் கேட்டார். படிக்கட்டுக்குக் கீழே மூட்டையில் கிடக்கிறது, எடுத்துக்கொண்டு போங்கள் மாமா என்றார் ராஜ்குமார். எல்லோரும் சாப்பிடப் போயிருந்த நேரத்தில் அவர் மூட்டையைக் கொட்டினார். எண்ணெய் இறங்கித் துணி மாதிரித் துவண்டுபோன அட்டைகள், ஓட்டைகள் கிழிந்திருந்தன. நிமிர்ந்தபோது மேலே பலகையில் வேட்டித் துணியில் சுற்றிய ஒரு கட்டு தெரிந்தது. பிரித்தார். இரட்டை அன்னம் முந்தி டிசைன். விறைப்பான அட்டை, கூர்மையான ஓட்டைகள், வரிசையாக. நீளவாக்கில் மடித்தால் ஆணி அறைந்த இரும்புத் தூலம் அப்படியே வந்துவிடும் என்று பார்த்தவுடன் தெரிந்தது.

கயிறு அறுபடாமல் இருந்தது.

ரொம்ப நாளாக ஏற்றாத டிசைன், இனிமேல் எங்கே ஏற்றப்போகிறார்கள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டதாகச் சொன்னார். சட்டைப்பையில் இருந்த பிளேடால் கயிற்றை அறுத்தார். கட்டைக் கோணியில் போட்டு, மேலே பழைய அட்டைகள் சிலவற்றைப் பரப்பி மூடினார். "மேல பரப்பனேன் பாரு தம்பி, அப்பவே தெரிஞ்சிதான் செஞ்சிருக்கேன்" என்றார்.

பாலம் எழுந்தது. அட்டைகளை வெட்டி, மடித்து, அரக்குப் பூசி, சாயக் கசடில் துரு ஏற்றினார். முறிந்த கண்ணுக்கு அட்டைகளை முறுக்கி, ஊதுபத்தி நெருப்பில் ஓரங்களைத் தீய்த்தார். தீய்த்த வாசனை கீழே வந்தபோது சசிகலா மேலே வந்து பார்த்தார். கணவர் கண்ணாடியை எடுக்காமலேயே சிரித்துக்கொண்டிருந்ததால் ஒன்றும் கேட்காமல் இறங்கிவிட்டார்.

கொட்டகையில் அந்த டிசைன் தேவைப்பட்டது, பாலம் ஏறக்குறைய முடிந்த சமயத்தில். அம்மா கட்டிய அதே இரட்டை அன்னம் முந்திதான் வேண்டும் என்று ஒரு கல்யாண வீட்டார் கேட்டிருந்தார்கள். சின்னதுரை பலகைக்குப் போனார். வேட்டித் துணி மட்டும் இருந்தது. அந்த டிசைனை அடித்துக் கொடுத்தவர் ஊரைவிட்டுப் போய் வெகுகாலம். கம்ப்யூட்டரிலும் எங்கும் அது இல்லை. தறிகளை நிறுத்திவிட்டுக் கொட்டகை முழுவதும் தேடினோம். தறிகளுக்கு அடியில், ராட்டைகளுக்குப் பின்னால், என் மேசைக்குக் கீழே. செல்லியம்மாள் முட்டி போட்டுக்கொண்டு அலமாரிக்கு அடியில் துடைப்பத்தை விட்டுத் தேடினார். மிஷின் வேலையாக வந்திருந்த மாணிக்கவேல் அங்கேதான் நின்றுகொண்டிருந்தார். கொஞ்சம் நகருங்க என்று செல்லியம்மாள் சொன்னார். இவர் நகர்ந்து நின்றார்.

கழிவு மூட்டையோடு போயிருக்கும் என்று யாரோ சொன்னார்கள். பழைய பேப்பர்க் கடைக்குப் போயிருக்கும் என்றார் இன்னொருவர். மூட்டையை வெளியே தள்ளுவது யார் என்று எவரும் கேட்கவில்லை. எல்லோரும் ஒரே பக்கம் திரும்பிப் பார்த்தார்கள்.

ராஜ்குமார் செல்லியம்மாளைக் கொட்டகை நடுவில் கூப்பிட்டார். அவர் திட்டவில்லை. மெதுவாகத்தான் கேட்டார்.

"எந்தக் கடையில போட்டன்னு சொல்லிடு. ஜல்தியா போயி வாங்கினு வந்துடலாம். நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

"நான் போடலங்க."

"கஷ்டத்துல ஆளுங்க செய்யறதுதான், செல்லியம்மா."

அந்தக் கனிவுதான் செல்லியம்மாளை அடித்தது என்று நினைக்கிறேன். தன் ஒயர்க் கூடையை எடுத்துவந்து எல்லார் முன்னாலும் கவிழ்த்தார். சோற்று டப்பா, தண்ணீர் பாட்டில், ஒரு துண்டு. பிறகு அவற்றை ஒவ்வொன்றாக எடுத்து உள்ளே வைத்துக்கொண்டு வெளியே போனார். நாளையிலிருந்து வரவேண்டாம் என்பதை ராஜ்குமார் அவர் முதுகைப் பார்த்துத்தான் சொன்னார்.

மாணிக்கவேல் கையில் திருப்புளி இருந்தது. வாயைத் திறந்ததாகவும் சொல்கிறார். ஆனால் சொன்னால் பாலத்தைக் கொண்டுவந்து காட்டவேண்டும். கொண்டுவந்தால் சென்னை இல்லை. கண்காட்சி முடிந்து வந்ததும் முதல் வேலையாகச் சொல்லிவிடலாம் என்று அங்கேயே நின்றபடி முடிவு செய்தார்.

"அந்த முடிவு எடுத்ததும் மனசு லேசாயிடுச்சி தம்பி" என்றார். "இத்தன பேசறேன், அது ஒண்ணுதான் எனக்கு ஆறவே மாட்டுது. லேசா ஆச்சி."

ஆரணியில் ஒரு கொட்டகைச் சேதி அடுத்த தெருவுக்குப் போவதற்குக் கால்கூட வேண்டாம். செல்லியம்மாள் வேறு இடங்களில் வேலை கேட்டுப் போனார். அட்டையைப் பேப்பர்க் கடையில் போட்ட அம்மாதானே என்று கேட்டவர்களும் உண்டு; ஒன்றும் கேட்காமல் ஆள் இருக்கிறது என்று சொன்னவர்களும் உண்டு. கொஞ்ச நாளில் வருவதை நிறுத்திவிட்டார். கடைசியாக வந்த நாளில் பஸ் ஸ்டாண்டுப் பக்கமாக நடந்து போனதை மாணிக்கவேல் கடையிலிருந்து பார்த்திருக்கிறார். ஒரு வாட்சைத் திறந்து அதற்குள் குனிந்துகொண்டாராம்.

சென்னைக்குப் பாலம் பழைய டிவிப் பெட்டியில், சுற்றிலும் பட்டுக் கழிவு திணித்து, வேனில் போனது. ஒரு பள்ளிக்கூட அரங்கில் கண்காட்சி. இவர் மேசை முன்னால்தான் கூட்டம் நின்றது. இது என்ன பொருளில் செய்தது என்று ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்ற ஒருவர் கேட்டபோது, பழைய அட்டை என்றார். கரையில் நிற்கும் ஆட்கள் யார் என்று வேறொருவர் கேட்டார். நாலு பேர் முன்னால் பேசாதவர் அன்றைக்குப் பேசினார். சடையனைப் பற்றிச் சொன்னார். கப்பல், ரப்பர்க் காடு, சயாம், வராத கடிதம், இன்றைக்கும் போடுகிற இலை. பின்னால் நின்றவர்கள் கேட்கவில்லை என்று மறுபடி சொல்லச் சொன்னார்கள், மறுபடி சொன்னார். இரண்டாம் முறை இன்னும் நன்றாகச் சொன்னதாக அவருக்கே தெரிந்தது. கைதட்டினார்கள்.

கூட்டம் கலைந்தபிறகும் ஓர் அம்மா மட்டும் நின்று பாலத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இந்தக் கதைய உங்களுக்குச் சொன்னவங்க பாத்துட்டாங்களா?"

"இன்னும் இல்லீங்க."

"காட்டிடுங்க. அவங்க வீட்டுச் சாவு இது."

அதற்குப்பிறகு அவரால் மேசைப் பக்கம் நிற்க முடியவில்லை. வெளியே வந்து அரங்கின் படியில் உட்கார்ந்துகொண்டார். சிறப்புப் பரிசுக்குப் பெயரைக் கூப்பிட்டபோது யாரோ தேடிவந்து அழைத்துப் போகவேண்டியிருந்தது. மேடையில் எடுத்த படத்தில் அவர் முகம், பில் தப்பாகப் போட்டுவிட்டுக் கூப்பிடப்பட்ட ஆளின் முகம் மாதிரி இருக்கிறது.

ஊருக்கு வந்ததும் மனைவியோடு மச்சான் வீட்டுக்குப் போய்ச் சொன்னார். ராஜ்குமார் முதலில் விளங்காமல் பார்த்தார். பிறகு சிரித்தாராம், பாரம் இறங்கியவர் மாதிரி. நம்ம வீட்டு ஆள்தானே எடுத்தது, விடுங்கள் மாமா என்றார். கல்யாண வீட்டாரின் பழைய சேலையைப் பார்த்து வரைந்து புது அட்டை அடிக்கக் கொடுத்தாயிற்று, வேலை நடக்கிறது என்றார்.

"செல்லியம்மா?"

"அத திரும்ப கூப்ட்டுக்கலாம். அட்ட கெடச்சிட்டுதுன்னு சொன்னா போதும். யாரு எடுத்தாங்கன்றது எதுக்கு. ஊருக்குத் தெரிஞ்சா உங்களுக்கும் பேஜாரு, எனக்கும் பேஜாரு."

மாணிக்கவேல் அதற்கும் தலையாட்டியிருப்பார். கீரை ஆய்ந்துகொண்டிருந்த சசிகலா நிமிராமலேயே தம்பியிடம் சொன்னார்: "கொட்டாயி நடுவுல நிக்க வச்சிதான அந்தம்மாவ கேட்ட. இப்ப சமையக்கட்டுல உக்காந்து முடிச்சிக்கப் பாக்கறீங்களா, ரெண்டு பேரும்?"

மறுநாள் அவர் தேசூர் பஸ் ஏறினார். செல்லியம்மாள் மல்லாட்டைக் கொல்லையில், கடலைச் செடிகளுக்கு நடுவே, கூலிக்குக் களை எடுத்துக்கொண்டிருந்தார். வரப்பில் நின்று இவர் சொன்னார். செல்லியம்மாள் கை நிற்கவில்லை. அந்த வரிசை முடியும்வரை களை எடுத்துவிட்டு, மண் ஒட்டிய கையைப் புடவையில் துடைத்தபடி வந்தார்.

"நல்ல அட்டைன்னு தெரிஞ்சேதான் எடுத்தீங்களா?"

"தெரியாம நடந்துபோச்சி" என்றார் மாணிக்கவேல்.

 செல்லியம்மாள் வேலை வேண்டும் என்றோ, மன்னித்தேன் என்றோ, மாட்டேன் என்றோ சொல்லவில்லை. எங்கே வைத்துக் கேட்டார்களோ அங்கே வைத்துச் சொல்லவேண்டும், அன்று நின்றவர்கள் எல்லாரும் இருக்கவேண்டும் என்றார். திங்கட்கிழமை வருவதாகச் சொன்னார். பாலத்தின் படம் இவர் செல்போனில் இருந்தது. சட்டைப்பையிலிருந்து அதை எடுக்கக் கை வரவில்லை.

திரும்பும் வழியெல்லாம், சொல்லிவிட்டோம் என்ற நிம்மதியைத் தேடியிருக்கிறார். கிடைக்கவில்லை. சேத்துப்பட்டு தாண்டுவதற்குள் காரணம் தெரிந்துவிட்டது. ஒப்புக்கொள்ளப் போன இடத்திலும் ஒரு பொய்யை வைத்துவிட்டு வந்திருந்தார்.

திங்கட்கிழமை காலை செல்லியம்மாள் வந்து வாசலுக்கு உள்ளே, தார் மிஷின் பக்கம் போகாமல், நடுவில் நின்றார். புடவை சலவை செய்து மடிப்புக் கலையாமல் இருந்தது. வா செல்லியம்மா, பழசெல்லாம் விட்டுடு என்று ராஜ்குமார் ஆரம்பித்தார். செல்லியம்மாள் மாணிக்கவேலைப் பார்த்தார். ராஜ்குமார் அவர் காதருகே குனிந்து, தெரியாமல் எடுத்துவிட்டேன் என்று சொல்லுங்கள் மாமா, முடிந்துபோகும் என்றது பக்கத்திலேயே நின்ற எனக்கு மட்டும் கேட்டது.

மாணிக்கவேல் முன்னால் வந்து சொன்னார். விசைத்தறிகள் எல்லாம் ஓடிக்கொண்டிருந்தன. உதடு அசைந்தது தெரிந்தது. சத்தத்தில் ஒரு சொல் கேட்கவில்லை. சொல்லி முடித்ததுபோல் தலையைக் குனிந்துகொண்டார். அதோடு முடிந்துவிடும் என்று ஒரு நொடி அவர் நம்பியிருக்க வேண்டும்.

"கேக்கல" என்றார் செல்லியம்மாள். அந்தக் குரல் கேட்டது.

ராஜ்குமார் கையைக் காட்டினார். ஒவ்வொரு தறியாக நின்றது. கடைசித் தறி நின்றபோது வெளியே தெருவில் தயிர்க்காரி போகும் சத்தம் வந்தது.

"அட்டய எடுத்தது நானு" என்றார் மாணிக்கவேல். "இந்தம்மா இல்ல."

 சின்னதுரைதான் கேட்டார், கோபமில்லாமல், ஒரு வழி விடுகிறவர்போல. "மூட்டையில பழசோட பழசா கெடந்துதுங்களா?"

"ஆமா, மூட்டைன்னு நெனச்சி..." என்று ராஜ்குமார் முந்திக்கொண்டார்.

"இல்ல" என்றார் மாணிக்கவேல். இந்தமுறை எல்லாருக்கும் கேட்டது. "பலகை மேல இருந்துது. கயிறு அறுக்காம இருந்துது. நான்தான் பிளேடால அறுத்தேன். இவங்கள இங்க நிக்க வச்சிக் கேட்டப்ப நானும் இங்கதான் நின்னுகினு இருந்தேன்."

கொட்டகையில் கயிறு என்ற சொல்லுக்கு விளக்கம் தேவைப்படவில்லை. சின்னதுரை அவரையே பார்த்தார். பிறகு திரும்பித் தன் தறியில் அறுந்துபோகாத ஓர் இழையைத் தடவிக்கொண்டிருந்தார்.

"கொல்லையில தெரியாமன்னு சொன்னீங்களே" என்றார் செல்லியம்மாள்.

"பொய்ங்க."

செல்லியம்மாளுக்கு அவர் 'ங்க' போட்டதை அன்றுதான் கேட்டேன். நான் மட்டுமல்ல.

ராஜ்குமார் தன் பேரிலும் தப்புதான் என்றார். நாளைக்கே வேலைக்கு வந்துவிடச் சொன்னார். செல்லியம்மாள் எல்லா முகங்களையும் ஒருமுறை பார்த்தார், ஆள் குறையாமல் இருக்கிறார்களா என்று பார்ப்பதுபோல.

"வேல கேக்கறதுக்கு வரலிங்க" என்று சொல்லிவிட்டு வெளியே போனார். தறிகள் உடனே ஓடவில்லை.

நடந்ததை எல்லாரும் கேட்டார்கள், எல்லாரும் வீட்டில் போய்ச் சொன்னார்கள். ஆனாலும் முதல் சேதி போன வேகத்தில் இரண்டாவது போகவில்லை. செல்லியம்மாள் திருடினார் என்று கேட்ட தெருக்கள் பல, செல்லியம்மாள் திருடவில்லை என்பதைக் கேட்கவே இல்லை. மாணிக்கவேல் களம்பூருக்குப் போவதை நிறுத்திவிட்டார். பாலத்தை உடைத்துவிடலாமா என்று என்னிடம் ஒருமுறை கேட்டார். அவரே, உடைத்தால் தனக்கு நன்றாக இருக்கும், அதனால் வேண்டாம் என்றார். செல்லியம்மாளை அழைத்துக் காட்டவும் இல்லை. தான் கூப்பிடுகிற விஷயம் இல்லை அது என்கிறார்.

போன மாதம் என் செல்போனில் சார்ஜ் ஏறவில்லை என்று அவர் கடைக்குப் போயிருந்தேன். கொசப்பாளையத்தில் கொட்டகை வைத்திருக்கும் ஒருவர் வந்தார். கையிலிருந்த வாட்சைக் கழற்றி மேசைமேல் வைத்தார். நல்ல வாட்ச், மாமனார் போட்டது என்றார். அடிக்கடி நின்றுபோகிறதாம். மாணிக்கவேல் கண்ணாடியைப் பொருத்திக்கொண்டு மூடியைத் திறக்கப் போனார்.

"இன்னொண்ணு கேக்கணும்" என்றார் வந்தவர். "தேசூரு பக்கத்து அம்மா ஒண்ணு தார் சுத்தற வேலைக்கு வந்து கேக்குது. உங்க மச்சான் கொட்டாயில இருந்துதாம். அட்ட விஷயமா ஏதோ காதுல வுழுந்துதேன்னு கேட்டேன். வாட்ச்சு கடை மாணிக்கவேல கேட்டுக்கோங்கன்னு சொல்லிட்டுது."

மாணிக்கவேல் கண்ணாடியை எடுத்தார். இப்படி ஒருவர் வருவது இது முதல் தடவை இல்லை என்பது அவர் ஸ்டூலை இழுத்துப் போட்ட விதத்தில் தெரிந்தது. உட்காருங்கள் என்றார். சொன்னார். சென்னையில் சொன்ன மாதிரி நன்றாகச் சொல்லவில்லை. ஏற்ற இறக்கம் இல்லாமல், பலகை, பிளேடு, கோணி, மேலே பரப்பியது, நகர்ந்து நின்றது, சென்னை, கொல்லையில் சொன்ன பொய் என்று ஒன்றுவிடாமல் சொன்னார். என் பக்கம் திரும்பவே இல்லை.

வந்தவர் முழுதும் கேட்டார்.

"அப்ப அந்தம்மா மேல ஒண்ணும் இல்ல."

"ஒண்ணும் இல்லீங்க. வேலைக்கு வச்சிக்கங்க."

"வச்சிக்கறேன்" என்று எழுந்தார். மேசையிலிருந்த வாட்சைப் பார்த்தார். கொஞ்சம் தயங்கினார். பிறகு அதை எடுத்துக் கையில் கட்டாமல் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

"இது இருக்கட்டும். நான் வேலூர் போறப்ப பாத்துக்கறேன்."

"சரிங்க" என்றார் மாணிக்கவேல்.